அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால்

புது ஃபிளாட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போது நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகாதே என்று சொல்பவர்கள் நிறைய. ஆளுக்கொரு பேச்சு பேசுவார்கள், ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடிக் கட்டில் வாங்க முடியாது என்பது அவர்கள் வாதம். அது சரிதானா என்று வெகுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. ஒற்றை ஆள் கடைக்குப் போனாலும் தப்பான கட்டில் வந்து சேரத்தான் செய்கிறது. நாலு பேர் போனால் குழப்பம் ஏன் பெரிதாகிறது என்றால், நாலு பேரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். எல்லாரும் "நல்லா இருக்கா, இல்லையா" என்று மட்டும் பார்க்கிறார்கள். அளவு யார் பார்ப்பது, அடிப்பக்கம் யார் பார்ப்பது, சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று யார் பார்ப்பது? அதற்கு ஆள் இல்லை.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஸ்ரீரங்கத்திலோ ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை எந்தப் பெரிய பர்னிச்சர் கடைக்குள்ளும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆடியில் கிரகப்பிரவேசம் இல்லை, ஆவணியில்தான் குடிபோக வேண்டும், ஆனால் தள்ளுபடி ஆடியில்தான் கிடைக்கும். ஆகவே சாவி கைக்கு வருவதற்கு முன்பே சாமான் வாங்கப் புறப்படுகிறார்கள். பதினோரு மணிக்கு நாலு பேர் உள்ளே வருவார்கள். ஒருவர் நேராக சோபாவுக்குப் போவார், ஒருவர் மெத்தையில் படுத்துப் பார்ப்பார், ஒருவர் அம்மாவுக்கு வீடியோ காலில் டைனிங் டேபிளைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பார். நாலாவது ஆள், இன்னும் யாருமே முடிவு செய்யாத டிரஸ்ஸிங் டேபிளுக்கு விலை பேசிக்கொண்டிருப்பார். இரண்டு மணி தாண்டிப் பசி எடுக்கும்போது, காலையில் முதலில் பார்த்த செட்டுக்கே திரும்பி வந்து, "சரி, இதையே போட்டுடலாம்" என்று முடிப்பார்கள். அந்தக் களைப்பில் எடுத்த முடிவோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கடைகளில் கட்டில், மெத்தை, பீரோ, டிரஸ்ஸிங் டேபிள் எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குச் செட்டாகத் தருவார்கள். கல்யாணச் சீர்வரிசைக்காக ஏற்பட்ட வழக்கம் அது. பெரிய அறைகள் உள்ள சொந்த வீட்டுக்குப் போகும் சீருக்கு அது பொருந்தும். பத்துக்குப் பத்து பெட்ரூம் ஃபிளாட்டுக்கு அந்தச் செட்டு அப்படியே பொருந்தாது. செட்டை உடைத்துத் தர மாட்டேன் என்றால் வேறு கடை பார்ப்பதே நல்லது. மலிவாக வந்த டிரஸ்ஸிங் டேபிள் இரண்டு அடி தரையை எடுத்துக்கொள்கிறது, அந்த இரண்டு அடிக்கும் வாடகையோ வட்டியோ மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டை அளப்பது

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு இரண்டு பேராவது போக வேண்டும். ஐந்து மீட்டர் டேப் ஒன்று போதும். ஒருவர் நுனியைப் பிடிக்க, ஒருவர் படித்துச் சொல்ல, மூன்றாவது ஆள் எழுதினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். பில்டர் கொடுத்த பிளானில் உள்ள அளவை நம்பி வாங்கக் கூடாது. பூச்சும் டைல்ஸும் ஸ்கர்ட்டிங்கும் போட்ட பிறகு ஓரிரு அங்குலம் குறைந்திருக்கும். சுவருக்குச் சுவர் அளவை எழுதிய பிறகு, ஜன்னலின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் போர்டும் பிளக் பாயிண்ட்டும் எங்கே, ஏசி பாயிண்ட் எந்தச் சுவரில், பரண் எவ்வளவு உயரத்தில் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டிலின் தலைமாட்டுப் பலகை சுவிட்ச் போர்டை மூடிக்கொண்டால் தினமும் இரவு சார்ஜர் குத்தும்போது அதன் சிரமம் தெரியும்.

அறையை அளந்தால் மட்டும் போதாது. தெருக் கேட்டிலிருந்து அறை வரைக்கும் பாதையை அளக்க வேண்டும், பெரும்பாலான சங்கடம் அங்கேதான். ஆறு பேர் ஏறும் லிஃப்ட் என்றால் வழக்கமாக 408 கிலோ, உள்ளே சுமார் 43 அங்குல அகலம், 39 அங்குல ஆழம், கதவு திறப்பு 28 அங்குலத்துக்கும் கொஞ்சம் கீழே, உயரம் 78 அங்குலத்துக்குச் சற்று மேலே. ஸ்டீல் பீரோவின் வழக்கமான அளவு 78 அங்குல உயரம், 36 அகலம், 19 ஆழம். பக்கவாட்டில் திருப்பி நிமிர்த்தியபடி தூக்கி வைத்தால் இந்த லிஃப்டில் மயிரிழையில் நுழையும். டிராலியில் ஏற்றியோ கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் புஷ் மாட்டியோ கொண்டுவந்தால் நுழையாது. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு ஆழமே 34 அங்குலம், அதனால் படிதான். அஞ்சுக்கு ஆறரை அடி மெத்தையில் ஃபோம் என்றால் மடித்துத் திணிக்கலாம். ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் மடியாது, அவையும் படிதான்.

படியில் அகலத்தைவிட முக்கியம் திருப்பம். படி மூன்றரை அடி அகலமாக இருந்தாலும், திருப்பத்தில் மேலே நிற்கும் பீமும் கைப்பிடியும் சேர்ந்து சாமானை மறிக்கும். அந்த இடத்தில் தரையிலிருந்து தலைக்கு மேலுள்ள பீம் வரை ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கதவு. மூன்றடிக் கதவு என்று சொல்வது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் நிலைச்சட்டம் போக உள்ளே 30, 31 அங்குலம் கிடைக்கும். கதவு சுவரோடு ஒட்டத் திறக்காவிட்டால் அதன் கனம் இன்னும் ஒன்றேகால் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். கீலைக் கழற்றிக் கதவை எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலைதான். ஆனால் ஸ்குரூ டிரைவரை முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். சோபா கதவுக்குள் நுழையுமா என்று கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கைப்பிடியின் முன்மேல் விளிம்பிலிருந்து முதுகுப் பலகையின் உச்சி வரை ஒரு நீளக் குச்சியைச் சாய்த்து வையுங்கள். சோபாவின் பின்பக்க அடிமூலையிலிருந்து அந்தக் குச்சிக்கு நேர்ச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளங்கள். அது கதவின் உள் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் சோபாவைச் சாய்த்து உள்ளே விடலாம். சோபாக் கால்கள் மரையில் கழலுமா என்றும் கேளுங்கள், கழன்றால் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும்.

பத்துக்குப் பத்து அறையின் கணக்கு

இந்தக் கணக்கை விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் கட்டிலின் அளவைக் கேட்டால் "ஆறுக்கு ஆறரை" என்பார்கள். அது மெத்தையின் அளவு, அதாவது 72 அங்குலத்துக்கு 78. கட்டிலின் வெளி அளவு வேறு. தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் பலகையும் காலும் சேர்த்து நீளம் 84 அங்குலம் வரும். பக்கச் சட்டங்களோடு அகலம் 76 வரும். பத்தடி அறை என்பது 120 அங்குலம். தலைமாட்டை ஒரு சுவரில் ஒட்டினால் கால்மாட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே மிஞ்சுவது 36. எதிர்ச் சுவரில் 19 அங்குல ஆழப் பீரோவை நிறுத்தினால் இடைவெளி 17. பீரோவின் ஒரு கதவின் அகலம் 18. ஒரே ஓர் அங்குலத்தால் பீரோ திறக்காது.

கால்மாட்டுப் பலகை இல்லாத கட்டிலாக எடுத்தால் நீளம் 82 ஆகும், இடைவெளி 19 ஆகும், கதவு திறக்கும். ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் ஆள் நிற்க இடமில்லை. பீரோவைப் பக்கச் சுவருக்கு மாற்றிக் கட்டிலை மறுபக்கச் சுவரில் ஒட்டினால் 120-இல் 76 போக 44, அதில் பீரோவுக்கு 19 போக 25 அங்குலம் மிஞ்சும். பீரோ திறக்கும், ஆளும் நிற்கலாம். ஆனால் சுவரோரம் படுத்தவர் இரவில் எழுந்தால் இன்னொருவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், பெட்ஷீட் மாற்றுவதும் தினசரிப் போராட்டம். ஆறு அடி அகலத்தை விட்டு ஐந்தடிக் கட்டிலுக்கு வந்தால் வெளி அகலம் 64. மிஞ்சுவது 56. பீரோ போக 37 அங்குலம். கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டாலும் பீரோ முன் இரண்டடி நடைபாதை இருக்கும். பத்துக்குப் பத்து அறைக்கு "அஞ்சுக்கு ஆறரை" என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். கடையின் ஷோரூம் தளம் ஐந்தாறு அறை அளவுக்குப் பெரியது. அங்கே ஆறடிக் கட்டில் சின்னதாகத்தான் தெரியும்.

மெத்தையை வேறு கடையில் வாங்குவதானால் நீளத்தை இன்னொரு தரம் பாருங்கள். மெத்தைகள் 72, 75, 78 என்று மூன்று நீளத்தில் வருகின்றன. ஆறரை அடிக் கட்டிலில் ஆறேகால் அடி மெத்தையைப் போட்டால் தலைமாட்டில் மூன்று அங்குலப் பள்ளம் நிற்கும், தலையணை அதில்தான் விழும்.

டைனிங் டேபிளுக்கு மேஜையின் அளவைவிட நாற்காலி பின்னுக்குப் போகும் அளவு முக்கியம். மேஜை விளிம்பிலிருந்து சுவருக்கு 30 அங்குலமாவது வேண்டும். ஆறு பேர் மேஜை ஐந்துக்கு மூன்று. இரண்டு பக்கமும் நாற்காலி போட அகலத்தில் எட்டடி கேட்கும். ஹாலோடு சேர்ந்த டைனிங்கில் அது நடைபாதையை விழுங்கிவிடும். நாலு பேர் மேஜையை ஒரு பக்கம் சுவரோடு போட்டு, விருந்தாளி வரும்போது இழுத்துக்கொள்வது மேல்.

மரமும் பலகையும்

"இது என்ன மரம்ணே?" என்று கேட்டால் "தேக்கு, சார்" என்றே பதில் வரும். அது பாதிப் பதில்தான். எந்த ஊர்த் தேக்கு, எவ்வளவு வயது, சட்டம் மட்டும் தேக்கா, பலகையும் தேக்கா என்று தொடர்ந்து கேட்க வேண்டும். கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வளர்ந்து நிற்கும் தேக்கை நம் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். தேக்கு என்றால் தேக்குதான், ஆனால் இளமரத்தில் நடுவிலுள்ள வைரம் குறைவு, சுற்றியுள்ள வெள்ளை அதிகம். அந்த வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சி முதலில் பிடிக்கும். சாயமும் பாலிஷும் அடித்துவிட்டால் மேலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலிருக்கும். ஆகையால் நாலு பேரில் ஒருவருக்கு இதுதான் வேலை: கட்டிலின் அடியில் செல்போன் டார்ச் அடித்து, பாலிஷ் படாத இடங்களைப் பார்ப்பது. சட்டத்தின் உட்பக்கம், டிராயரின் பின்பக்கம், நாற்காலி இருக்கைக்குக் கீழே. அங்கே வெளிர் மஞ்சள் பட்டை ஓடினால் அது வெள்ளை. குண்டூசித் துளைபோல ஓட்டைகளும் மாவு கொட்டியதுபோல் தூளும் இருந்தால் மரம் உளுக்க ஆரம்பித்துவிட்டது, தள்ளுபடி எவ்வளவு என்றாலும் வேண்டாம்.

முழு மரமா, மேலே ஒட்டிய மைக்காவா என்பதை விளிம்பு காட்டிக்கொடுக்கும். மேல்பலகையில் ஓடும் ரேகை விளிம்பில் மடங்கிக் குறுக்குவெட்டாகத் தெரிந்தால் மரம். விளிம்பில் தனிப் பட்டை ஒட்டியிருந்தால் உள்ளே பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திய பலகை), பார்ட்டிக்கிள் போர்டு மூன்றில் ஒன்று. மூன்றும் கெட்டவை என்று சொல்லவில்லை, மூன்றும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்தூளையும் சீவலையும் பசையில் அழுத்திய பலகை. ஒருமுறை பூட்டிய ஸ்குரூவைக் கழற்றி அதே ஓட்டையில் மறுபடி பூட்டினால் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கொரு முறை வீடு மாறும் வாடகைக்காரர்கள் பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி வாங்குவது வீண். இரண்டாவது இடமாற்றத்தில் கீல் கையோடு வரும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர முத்திரை இருக்கும். 710 மரைன் வகை, தண்ணீர் புழங்கும் சமையலறைக்கும் பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரிக்கும் அதைக் கேளுங்கள்.

ஆசாரியிடம் செய்யச் சொல்வது இன்னும் நம் ஊர்களில் சாத்தியம், கட்டிலுக்கு அதுவே சிறந்த வழி என்பது என் எண்ணம். மரம் கன அடிக் கணக்கில் விற்கும். நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஏழடி நீளம், நாலங்குல அகலம், மூன்றங்குல கனச் சட்டம் என்றால் 84-ஐ 144-ஆல் வகுத்து, அரைக் கன அடிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கு தெரிந்தால் மரவாடியில் போட்ட விலையை நாமே சரிபார்க்கலாம். மரம் காய்ந்ததா என்று கேளுங்கள், ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த கட்டில் பங்குனி வெயிலில் இணைப்பு விட்டுக் கிறீச்சிட ஆரம்பிக்கும். ஆணி அடித்து ஒட்டியதா, துளை போட்டு நாக்குச் செருகியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் பீரோவில் கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனம். 20 கேஜ் சுமார் 0.9 மில்லிமீட்டர், 22 கேஜ் சுமார் 0.7. பக்கத் தகட்டின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் "டப்"பென்று உள்ளே போய் வந்தால் மெல்லிய தகடு. கதவு மட்டும் கனத் தகடு, பக்கமும் முதுகும் மெல்லிசு என்று செய்வதுண்டு, ஆகவே முதுகையும் அழுத்திப் பாருங்கள்.

சோபாவில் மூன்று கேள்வி போதும். உள்சட்டம் என்ன மரம், உட்காரும் ஃபோம் என்ன டென்சிட்டி (அடர்த்தி), மேல் துணி என்ன. உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி வேண்டும், முதுகுக்கு 32 போதும். மலிவு ரெக்சினை நம் பக்கத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் மேற்பூச்சு ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்து செதில்செதிலாக உரியும், ஈரமும் சூடும் டெல்டாவில் வருஷம் முழுக்க உண்டு. கழற்றித் துவைக்கிற துணி உறை மேல். சோபாவைக் கடைசியாக வாங்குங்கள் என்பதும் என் உறுதியான கருத்து. ஹாலில் ஒரு மாதம் குடியிருந்து, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, டிவி எங்கே, வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்த பிறகே அதன் அளவு தெரியும். அதுவரை கோரைப் பாயும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். வாடகை வீடு என்றால் கொள்ளிடம் பக்கம் தைக்காலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். சீர்காழி சிதம்பரம் சாலையில் பிரம்பு சாமான் கடைகள் இருக்கின்றன. பிரம்பு சோபாவை இரண்டு பேர் அலுங்காமல் படியேற்றலாம், பின்னல் தளர்ந்தால் திரும்பப் பின்னலாம். அடிப்பக்கக் கட்டுகளில் ஆணிக்கு மேல் பிரம்புச் சுற்று இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அந்தப் பத்து நிமிடம்

இத்தனை தயாரிப்பும் வீணாகிற இடம் ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது, பசியும் எடுத்துவிட்டது. கடைக்காரர் சொல்வார்: "தம்பி, ஆடி ஆஃபர் இன்னியோட முடியுது. ஒரு ரெண்டாயிரம் போட்டு வச்சிட்டுப் போங்க, மிச்சத்த டெலிவரில பாத்துக்கலாம்." கூட வந்தவர் உடனே, "போட்டுரு மாப்ள, நல்லாத்தான இருக்கு" என்பார். அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் பேரம் பேசும் பலம் முழுக்க அந்த நிமிடம் வரைக்கும்தான் வாங்குகிறவர் கையில் இருக்கிறது. இரண்டாயிரம் கை மாறியதும், "இந்த விலைக்குப் பாலிஷ் சேராது", "மாடிக்குத் தனிக்கூலி", "மேட்சிங் கலர் ஸ்டாக் இல்லை, இதுதான் இருக்கு" என்பதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை வந்துவிடும். கொடுத்த பணத்தை விட மனம் வராது.

இந்த இடத்தில் நண்பர்கள் உதவ வேண்டும். பணம் கொடுப்பவர் பேசாமல் இருக்கட்டும், மற்ற மூவரும் பேசட்டும். டேப் பிடித்தவர் கட்டிலின் வெளி அளவைத் தன் கையால் அளந்து, வீட்டில் எழுதிய தாளோடு ஒப்பிடட்டும். டார்ச் அடித்தவர், "அண்ணே, சைடு சட்டம் தேக்கு, அடிப்பலகை என்னது? அத சீட்டுல எழுதிடுங்க" என்று கேட்கட்டும். எழுதுகிறவர் சீட்டை வரிவரியாகப் படிக்கட்டும். சீட்டில் "டபுள் காட் 1" என்று மட்டும் இருந்தால் அது எதற்கும் உதவாது. மரத்தின் பெயர், வெளி அளவு, பலகை என்ன வகை எத்தனை மில்லிமீட்டர், பீரோ என்ன கேஜ், ஃபோம் என்ன டென்சிட்டி, நிறம், டெலிவரி தேதி, எத்தனையாவது மாடி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யாருடையது, பூட்டித் தருவது யார், விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஐந்து வருஷ கியாரண்டி என்றால் மரத்துக்கா, பாலிஷுக்கா, கரையானுக்கா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஷோரூமில் பார்த்த அதே பீஸா, குடோனிலிருந்து வேறா என்பதும் முக்கியம். அதே பீஸ் என்றால் கட்டிலின் அடியில் சாக்பீஸால் பெயர் எழுதி போட்டோ எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எஸ்டிமேட் துண்டுச்சீட்டு பில் ஆகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் முறையான பில் இருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். நல்ல கடைக்காரர்கள் இதையெல்லாம் எழுதத் தயங்குவதில்லை, அவர்களுக்கும் பின்னால் தகராறு மிச்சம். எழுத மாட்டேன் என்று சொல்கிற கடையில் ஆஃபர் இன்றோடு முடிந்தால் முடியட்டும். ஆடிப்பெருக்குக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று ஆஃபர் வந்துகொண்டேதான் இருக்கும்.

இறக்கும் நாளும் அதற்குப் பிறகும்

டெலிவரி தேதியை வாங்கும்போதே பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டியோ தேரோட்ட நாளிலோ கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள் வண்டி கொண்டுவருவது பெரும்பாடு. முகூர்த்த நாளிலும் தூக்குகிற ஆள் கிடைப்பது சிரமம். குட்டி யானையின் பின்தொட்டி நீளம் ஏழடிக்குச் சற்று மேல், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் கீழ். கட்டிலைக் கழற்றி, பீரோ, மெத்தையோடு ஒரே நடையில் கொண்டுவரலாம். சோபாவும் சேர்ந்தால் இரண்டு நடை. ஏற்றும்போது பீரோவை முதுகு கீழேயாகப் படுக்கவைத்து, அடியில் பழைய சாக்கு விரிக்கச் சொல்லுங்கள். நிறுத்திக் கட்டினால் மின்கம்பிகள் தாழ்ந்து தொங்கும் தெருக்களில் ஆபத்து.

நண்பர்கள் நாலு பேருக்கும் அன்றைக்குத்தான் உண்மையான வேலை. ஒருவர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஒருவர் படித் திருப்பத்தில் நின்று "இந்தப் பக்கம் தூக்கு, அந்தப் பக்கம் இறக்கு" என்று சொல்ல வேண்டும், ஒருவர் அறைக்குள் எங்கே வைப்பது என்று காட்ட வேண்டும், ஒருவர் பில்லோடு நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பீரோ முதலில், கட்டில் அடுத்து, மெத்தை கடைசி. கட்டில் பூட்டியபின் போனால் பீரோ உள்ளே திரும்பாது. கட்டில் போல்ட்டுகளை முதலில் எல்லாவற்றையும் பாதி மட்டும் முறுக்கி, நாலு மூலையும் தரையில் சமமாக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால் எதிர்மூலைத் துளை நேராக வராது, ஆள் சுத்தியலால் தட்டுவார், மரம் பிளக்கும். மீதிப் பணம், பூட்டி முடித்து ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பிறகு.

புது ஃபிளாட்டின் சுவர்ப்பூச்சு காய மாதக்கணக்கில் ஆகும். ஆடியில் வாங்கி, பூட்டிய வீட்டுக்குள் ஜன்னலும் திறக்காமல் இறக்கிவைத்தால் அந்த ஈரம் முழுக்கப் பலகைக்குள் போகும். பீரோவின் முதுகில் துருப்பொட்டு வருவதும் எம்.டி.எஃப். விளிம்பு உப்புவதும் அப்படித்தான். குடிபோகும் வாரம் வரை கடையின் குடோனிலேயே வைத்திருக்கச் சொல்லிப் பில்லில் எழுதி வாங்குங்கள். வைத்த பிறகும் சுவருக்கும் சாமானுக்கும் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். காற்றும் போகும், கரையான் மண்கோடு போட்டால் கண்ணுக்கும் தெரியும். மேல்மாடி என்பதால் கரையான் வராது என்று இருக்க முடியாது, வயர் போகும் குழாய் வழியாகவே மேலே ஏறிவிடும். தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீடுகள் நம்முடையவை. தரையோடு ஒட்டிய பலகை அடிப்பாகம் உள்ள அலமாரி எதையும் வாங்க வேண்டாம், மூன்று நான்கு அங்குலக் காலாவது இருக்க வேண்டும், காலுக்குப் பிளாஸ்டிக் புஷ் மாட்ட வேண்டும். ஸ்டோரேஜ் கட்டில் வாங்கியிருந்தால் வாரம் ஒருமுறை பலகையைத் தூக்கி அரை மணி திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வைத்த கம்பளியில் பூஞ்சை வாடை ஏறும்.

ஐப்பசி அடைமழையில் மர டிராயர்கள் இறுகி வர மறுக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள், வெயில் வந்ததும் அது ஆட்டம் காணும். ஓடுகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். தை கடந்து மரம் காய்ந்த பிறகும் இறுகினால் மட்டும், அதுவும் ஒரு பக்கம் ஒரு சீவல் அளவுக்கு, இழைக்கச் சொல்லுங்கள்.